சிவப்புப் பொத்தான்

"நேத்து வந்த ஆளுங்க எங்களுக்கே சட்டம் சொல்றீங்களா?"

கன்னடத்தில் கேட்ட அந்தக் குரலில், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த மெர்சியின் விரல் பாதி மணியில் நின்றது.

குரல் பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை. தன் வீட்டுப் பின்னறையிலிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தாள். ரிட்டையரான நாளிலிருந்து கணவர் ஓஸ்வால்ட் அங்கேயேதான் கிடக்கிறார். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர், ஒரு பழைய ஸ்பீக்கர், மேஜை முழுக்க ஒயர். அவர் ஒரு பொத்தானை அமுக்க, மறுபடியும் அதே வசனம்.

"என்னங்க இது? முனிகிருஷ்ணப்பா அண்ணன் பேசற பேச்சாச்சே!"

"அதேதான். அவரோட பழைய வாய்ஸ் மெசேஜை வச்சுப் பண்ணேன். அச்சு அசலா இருக்கில்ல?" என்று சிரித்தார்.



பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சண்டை. இருபது வருஷமாக, சாயங்காலம் ஆறு மணியானால் காபி டம்ளரோடு காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் ஓஸ்வால்ட், அந்தப் பக்கம் முனிகிருஷ்ணப்பா. கடை போர்டு எந்த பாஷையில் இருக்கணும், வேலை யாருக்குக் கொடுக்கணும், ஊர் யாருடையது என்று தினமும் பஞ்சாயத்து.

இப்போது சண்டை இல்லை. தொண்டையில் புற்றுநோய் என்று முனிகிருஷ்ணப்பாவின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"பேச்சே போன மனுஷரை நக்கல் பண்ண மெஷினா? அவரு சம்சாரம் வீணாக்கா காதுல விழுந்தா என்ன ஆகும்? நாளைக்கு எந்த முகத்தோட நான் கஞ்சி கொண்டுபோவேன்?"

"நீ சும்மா இரு மெர்சி. இது தமிழனுக்கும் கன்னடக்காரனுக்கும் உள்ள விவகாரம்."

"ஆண்டவர் முன்னாடி தமிழன் என்ன, கன்னடக்காரன் என்ன?"

ஓஸ்வால்ட் ஸ்குரூ முடுக்குவதிலேயே கண்ணாக இருந்தார்.

ஆறு மணி அடித்தது. எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"வேணாங்க... அவரு மனசு உடைஞ்சுடும்!" மெர்சி பின்னாலேயே ஓடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் முனிகிருஷ்ணப்பா. கழுத்தில் துண்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

ஓஸ்வால்ட் டப்பாவைச் சுவர் மேல் வைத்தார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்.

"என்னய்யா! தமிழங்க உழைச்ச எங்க கோலார் தங்கவயல்ல லைட் எரிஞ்சப்புறந்தானே உங்க பெங்களூருக்கே லைட் வந்தது!"

முனிகிருஷ்ணப்பா விருட்டென்று எழுந்தார். வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. கண் கலங்கிவிட்டது.

மெர்சி கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

ஓஸ்வால்ட் மெல்ல அவருடைய கையைப் பிடித்து, டப்பாவின் மேல் வைத்தார்.

"இந்த ஆறு பொத்தானும் தண்ணி, சாப்பாடு, வலின்னு வீட்ல சொல்றதுக்கு. இந்தச் சிவப்பு என்னைத் திட்டறதுக்கு. அமுக்குய்யா... ரெண்டு மாசமா நானே ஜெயிச்சிக்கிட்டிருக்கேன், நல்லாவே இல்ல."