நீலத் தொப்பிகள்

"இந்தத் தழும்பப் பாரு கண்ணு. அன்னைக்கு வந்ததுதான்." ராய்ஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். "வேலியத் தாண்டி டயர் ரப்பர் துண்டு பறந்து வந்து கிழிச்சிட்டுப் போச்சு. அவ்வளவு கிட்ட இருந்தேன்."

எதிரே இருந்த டெஸ்ஸா அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய அப்பா டார்னல் பிக்கெட், ஒரு கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மோதி இறந்தபோது அவள் கைக்குழந்தை. அவருடைய பழைய ரசிகர்கள் வருடா வருடம் அதே நாளில் இந்தச் சுட்ட கறிச் சாப்பாட்டுக் கடையில் கூடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, இரண்டு மாநிலம் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு காலத்தில் கடை நிறையக் கூடியவர்களில் இப்போது மிச்சம் ராய்ஸும் வெண்டலும்தான்.

மேஜையில் உப்பு டப்பா டார்னலின் நீல வண்டி. மிளகு டப்பா அவரைத் துரத்திய சிவப்பு வண்டி. ராய்ஸ் இரண்டையும் ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டு வந்தார்.

"நாலாவது வளைவு. சிவப்பு லேசா ஒரு தட்டு. அவ்வளவுதான், நம்ம வண்டி தரைய விட்டு எழும்பிடுச்சு. காயப்போட்ட சட்டை மாதிரி வேலியில தொங்குச்சு, கண்ணு."

காயப்போட்ட சட்டை. அன்று வானொலியில் வர்ணனை சொன்னவனும் இதையேதான் சொன்னான். பார்த்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் தோன்றியிருக்கும் போல என்று வெண்டல் நினைத்துக்கொண்டார். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கவில்லையே.

அன்று டார்னல் அரைச் சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஜெயித்த மாதிரிதான். பந்தய டிராக்கிலிருந்து வெளியே வர இருப்பதோ ஒரே ரோடு. கூட்டத்தோடு கிளம்பினால் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். வெண்டல் முன்னதாகவே எழுந்து வந்து தன் பச்சை டிரக்கைக் கிளப்பிவிட்டார்.

அவரைப் போலவே நினைத்தவர்கள் ரோடு நிறைய இருந்தார்கள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வானொலியில் நிலைமை மாறியது. பந்தயத்தில் பின்னால் வந்த யாரோ ஒருவன் சுழன்று நின்றான். மஞ்சள் கொடி விழுந்தது. வண்டிகளையெல்லாம் ஒன்று சேர்த்து மறுபடி ஓடவிட்டார்கள். டார்னலின் அரைச் சுற்று இடைவெளி போயே போய்விட்டது.

பிறகு அந்தக் காயப்போட்ட சட்டை. வெண்டலின் கால் தானாக பிரேக்கில் போய் அழுந்தியது. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்துவிட்டன. பின்னாலிருந்து யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வேலை பார்த்த மில்லில் அவரிடம் முதலில் கேட்டது ராய்ஸ்தான். "நேர்ல பாத்தியா?" வெண்டல் ஆமென்று தலையை ஆட்டினார். "நானும்தான்" என்றார் ராய்ஸ். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

"அவரு ஒண்ணும் பேச மாட்டேங்கறாரே" என்று டெஸ்ஸா வெண்டலைக் காட்டி ராய்ஸிடம் கேட்டாள்.

"இவனா? கறி திங்கத்தான் வாயத் திறப்பான்" என்றார் ராய்ஸ்.

டெஸ்ஸா சிரித்துவிட்டு, தான் வந்த காரியத்தைச் சொன்னாள். கடைசிச் சுற்றில் அப்பா முன்னால் வந்தால் ரசிகர்கள் நீலத் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். அந்த நீலத்தைப் பார்த்தால்தான் அவருக்குக் கை ஸ்டீயரிங்கில் நிற்குமாம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"அன்னைக்கு அத அவரு பாத்தாரா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"கேலரி முழுக்க நீலமா இருந்துச்சு" என்று ராய்ஸ் உப்பு டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அவள் வெண்டல் பக்கம் திரும்பினாள். "நீங்களும் தூக்குனீங்களா?"

அன்று வெண்டலின் தொப்பி டிரக்கில் பக்கத்து சீட்டில் கிடந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் எதைத் தேடி வந்தாளோ அது உடையும். ராய்ஸும் இனி முகத்தில் விழிக்க மாட்டார். இரண்டில் எதற்குப் பயப்படுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டாவதற்குத்தானோ என்ற சந்தேகம் வந்தபோது காது மடல் சூடாகியது.

"தூக்கினேம்மா. ரெண்டு கையாலயும்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அவர் தலையில் இருந்த வெளுத்த தொப்பியைக் காட்டி, இதேதானா என்று கேட்டாள். இதேதான் என்றார். அந்த ஒன்றாவது உண்மை. கழற்றிக் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு இருவருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த இடத்தை வெண்டல் துடைக்கவும் முடியாமல் தொடவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

இருவரில் வெண்டலின் பச்சை டிரக் முதலில் கிளம்பியது. டிராக் ரோட்டுக்குத் திரும்பியதும் தூரத்தில் நீலத் தொப்பியோடு அவள் கார் போவது தெரிந்தது. கால் தானாக பிரேக்கில் போய் அழுந்தியது.

பின்னாலிருந்து நீளமாக ஒரு ஹாரன்.

கண்ணாடியில் பார்த்தார். ராய்ஸ் தன் வண்டியை விட்டு இறங்கி மெதுவாக நடந்து வந்தார். தூங்கறியாடா கிழவா என்று ஏதாவது கேட்பார் என வெண்டல் எதிர்பார்த்தார். அவர் ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, வெண்டலின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னைக்கும் இப்படித்தான்டா நடுரோட்டுல நிறுத்தின."