பன்னிரண்டாம் நம்பர் வைட்டமின்

"இந்தம்மா யாரு டாக்டர்?" என்று கேட்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரம்மாவைக் காட்டி.

தையல்காரம்மா பொலபொலவென்று அழுதுவிட்டார். "பாத்தீங்களா டாக்டர்? நீங்க ஊசி போடுற வரைக்கும் எல்லாத்தையும் மறந்தாலும் என்னை மறக்கல. இப்ப கட்டின பொண்டாட்டியையே யாருன்னு கேக்குறாரு!"

டாக்டர் கடைக்காரரின் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். போன மாதம் இந்த மனிதர் வரும்போது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று கழன்றதே தெரியாத அளவுக்குப் பாதம் மரத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 தரைமட்டம். ஊசி போட்டார். இப்போது ரிப்போர்ட்டில் எல்லாம் சரி, ஞாபகத்தைத்தான் காணோம்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க."

கடைக்காரர் மூச்சு விடாமல் இரண்டில் வந்து நின்றார். "டாக்டர், நீங்க தலையை நிமித்தி நிமித்திப் படிக்கிறீங்க. உங்க கண்ணாடி பவர் மாறிடுச்சு."

"உங்க மனைவி யாரு?"

"இதோ நிக்கிறாளே!" என்று துணைக்கு வந்திருந்த மாடி வீட்டு டீச்சரைக் கை காட்டினார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாவம் டாக்டர், முத்திப்போச்சு. ஊசி ஒத்துக்கல போல. அதுக்குப் பதிலா குறட்டைக்கு ஏதாவது மருந்து குடுங்க. விட்டார்னா சுவரே அதிரும்."

"மேல் மாடி வரைக்குமா கேக்குது?"

"இப்பல்லாம் கேக்குறதில்ல" என்றார் டீச்சர் நிம்மதியாக.

டாக்டர் தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "வீட்ல என்ன சமைக்கிறீங்க?"

"பால் விடாத டீ, ரொட்டி, அவிச்ச காய். பால், தயிர், முட்டை, மீன், கறி எதுவும் வாசப்படி ஏறக் கூடாது. உடம்பு சுத்தமாகும்னு ஒருத்தர் வீடியோவுல சொன்னாரு. ரெண்டு பேருக்கும் அதேதான் தம்பி."

"நான் டாக்டர்ம்மா."

"ஆமா, மறந்துட்டேன். ஊசியில நூல்கூட கோக்க முடியல. விரலெல்லாம் எறும்பு ஊருது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வைட்டமின் பிங்கிறது ஒத்த ஆள் இல்லம்மா, கூட்டுக்குடும்பம். ஒண்ணு சாப்பாட்டைச் சக்தியாக்கும், இன்னொண்ணு ரத்தத்தைக் கவனிக்கும். இந்தப் பன்னிரண்டாம் நம்பர் ரத்தத்தையும் பாத்துக்கிட்டு, நரம்பு, ஞாபகம்னு எல்லாத்துக்கும் ஓடும். வெறும் காய்கறியில அது கிடைக்காது. நீங்க இத்தனை நாளா அதைப் பட்டினி போட்டிருக்கீங்க. உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்."

"அவங்களுக்கு எதுக்கு?" என்று பதறினார் டீச்சர். "நல்லாத்தானே இருக்காங்க!"

"உங்களுக்கும்தான் எடுக்கப் போறேன். இந்த விஷயத்துல இனிமே யாரையும் நம்புறதா இல்ல."

தையல்காரம்மாவின் பி12, கடைக்காரருடைய பழைய அளவைவிடக் கீழே கிடந்தது. அவருக்கும் ஊசி ஆரம்பமானது. 'முன்னப்பின்ன தெரியாத பொம்பளை வீட்ல எப்படி டாக்டர் தங்குறது?' என்று கடைக்காரர் கடை சோபாவுக்கே குடிபோனார்.

அடுத்த தடவை மூவரும் சேர்ந்தே வந்தார்கள். தையல்காரம்மா உள்ளே நுழையும்போதே டாக்டரின் கோட்டில் தொங்கிய பித்தானைக் கவனித்தார். பையிலிருந்து ஊசியை எடுத்து, ஒரே குத்தில் நூல் கோத்து, நின்றபடியே அதைத் தைத்தும் முடித்தார்.

"டாக்டர், இவர் சொன்னதுதான் சரி. இவர் என் வீட்டுக்காரர் இல்ல."

"பின்ன உங்க வீட்டுக்காரர்?"

"கப்பல்ல இருக்காரு. வருஷக்கணக்கா வரல. நடுவுல போன் பண்ணினப்பகூட, 'ராங் நம்பர் அண்ணே'ன்னு வெச்சுட்டேன்." அவர் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் இவர் பெட்டியும் கையுமா வாசல்ல வந்து நின்னார். கப்பல்தான் வந்துடுச்சுன்னு நெனச்சு உள்ள கூப்பிட்டேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "வெளியூர் போயிட்டு வந்தேன் டாக்டர். லிப்ட்ல ஒரு மாடி முன்னாடியே இறங்கிட்டேன் போலிருக்கு. எல்லாக் கதவும் ஒரே மாதிரி. 'வாங்க, டீ ஆறுது'ன்னாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைக் கண்டேன்?"

"தங்கமான மனுஷன்" என்றார் தையல்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஹால்ல ஒரு மூலையில படுத்துப்பார். பாத்திரமெல்லாம் அவர்தான் கழுவுவார். பத்திரமா கூட்டிட்டுப் போங்க டீச்சர். நான் போய் எங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும்."

கடைக்காரர் கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியை உற்சாகமாகத் தூக்கிக்கொண்டு, தையல்காரம்மாவுக்குப் பின்னால் வெளியே போனார். "சீக்கிரம் வா, வீட்டுக்குப் போலாம்!" என்று வராந்தாவிலிருந்து டீச்சரை அழைத்தார்.

டீச்சர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

டாக்டர் அவருடைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினமும் முட்டை, பால் எல்லாம் சாப்பிடுறீங்க. உங்க பி12 அருமையா இருக்கு. மறதிக்கு வழியே இல்லையேம்மா! புருஷன் கீழ் வீட்ல இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மேஜைமேல் குனிந்து, ரகசியக் குரலில் கேட்டார்:

"அவருக்குப் போடுற அந்த ஊசியை நிறுத்திட முடியுமா, டாக்டர்?"