எண்பத்துமூன்று கிலோ காற்று

எண்பத்துமூன்று கிலோ வெறுங்காற்றை ஏற்றிக்கொண்டு ஓடும் ஜீப் உலகத்திலேயே தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஆனந்தராஜா ஹொல்ம்லியா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். உதயகுமாரி நம்பவில்லை. போன தை மாதம் வடக்கே, ஆளில்லாத பனிவெளியில் அதே ஜீப் புதைந்தபோதுதான், அவருடன் போயிருந்த அவள் கணவன் சுபேசன் உதவி தேடி நடந்துபோய் விறைத்துச் செத்தான்.

"வண்டியை விட்டு இறங்காதையெண்டு தலைபாடாய் அடிச்சனான், தங்கச்சி. கேட்டவனே?" என்பார் ஆனந்தராஜா. அதையும் அவள் நம்பவில்லை.

இந்த வருடமும் அவர் வடக்கே போக ஆயத்தம். பனிவாரி, இழுவைக் கயிறு, இரண்டு மேலதிகச் சில்லு, நான்கு கேன் டீசல். பாரம் பார்க்க லில்லெஸ்ட்ரோம் எடைமேடைக்குப் போனபோது, அவருடைய புளுகைப் பிடிக்க அவளும் கூடப் போனாள்.

சாமான் முழுவதையும் இறக்கி அவரும் இறங்கினார். காலி ஜீப், வண்டிப் பத்திரத்தில் உள்ளதைவிட எண்பத்துமூன்று கிலோ கூடுதலாக நின்றது. சுபேசனின் நிறையும் அதேதான்; கூடிப்போச்சு, குறை என்று டாக்டர் சொன்ன நிறை.

"மெசின் பிழை," என்றாள் அவள். அடுத்து ஏறிய வேனுக்கு மெசின் சரியாகவே காட்டியது. ஜீப்பை மறுபடி மேடையில் ஏற்றினார்கள். அவள் முன்கதவைத் திறந்து, வெறும் இருக்கையைப் பார்த்துப் புருசனிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

"இறங்குங்கோப்பா, வீட்டை போவம்."

எண் அசையவில்லை.

ஆனந்தராஜா குலுங்கிச் சிரித்தார். "மச்சான், இறங்கடா!"

திரையில் சரியாக எண்பத்துமூன்று குறைந்தது. அவருடைய சிரிப்பு நின்றுபோனது.

"ஓம் அண்ணை, இருந்தது அவர்தான்," என்றாள் உதயகுமாரி. "அண்டைக்கும் நீங்கள் சொல்லித்தான் இறங்கியிருக்கிறார்."