ஆறு மணிச் செய்தி

ஆறு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது ஸ்டாப்வாட்ச் உள்ளே போய், செய்தி வாசிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒரு வாரம் முழுக்கக் கையில் ஸ்டாப்வாட்சோடு எங்கள் கல்லூரி வானொலியைக் கேட்டு, பெண் குரல் எவ்வளவு நேரம் வருகிறது என்று குறித்துவைத்தாள். அதனால் வந்த பெயர் இது.

வாரத்துக்கு நாற்பத்தொரு நிமிடம். அதில் முப்பது நிமிடம், நிலையத்தின் பெயரையும் மணியையும் சொல்லும் பழைய பதிவு. பதிவு செய்தவன் நான்தான். அந்தக் குரலுக்கு உரியவள் படிப்பை முடித்து, கல்யாணமாகி, பேத்தியும் எடுத்துவிட்டாள். குரலுக்கு மட்டும் இன்னும் பத்தொன்பது வயது.

போன வாரம் ஸ்டாப்வாட்ச் அந்தக் கணக்குத் தாளை நிலையப் பொறுப்பாளரிடம் நீட்டினாள்.

"அதான் மணிக்கு மணி ஒரு பொண்ணு பேசிக்கிட்டே இருக்கே. இன்னும் என்னம்மா வேணும்?"

"செய்தி வாசிக்கணும், சார்."

அவர் பதிவேட்டைப் புரட்டி, ஆறு வருடத்துக்கு முந்தைய வரி ஒன்றைக் காட்டினார். 'பெண் வாசித்தார். இருமல் வந்து பாதியில் நிறுத்திவிட்டார். இனி வேண்டாம்.'

ஒருத்திக்கு வந்த இருமலில் அத்தனை பேர் தொண்டையையும் அடைத்துவிட்டார்கள்.

ஆண்கள் நிறுத்தியதே இல்லையா என்று கேட்கலாம். எங்கள் ஆஸ்தான செய்தி வாசிப்பாளரை எல்லோரும் வெண்கலம் என்பார்கள். குரல் அப்படி. அவர் வாசித்தால் கேன்டீன் ஒலிபெருக்கிக்கு எதிரே மேசையில் இருக்கும் குவளைகள் ஒரு விரற்கடை நகரும். நானே இரண்டு முறை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறேன். அவர் ஒருநாள், 'நாளை வறண்ட வானிலை' என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். நாற்பது நொடி குறட்டை. அதை இடி என்று நினைத்து மறுநாள் மூன்று பேர் குடையோடு வந்தார்கள்.

பதிவேட்டில் அதற்கு ஒரு வரியும் கிடையாது.

இப்போது வெண்கலம் வராந்தாவில் வழக்கம்போல வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

ஆறு அடித்தது. சிவப்பு விளக்கைப் போட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முப்பத்தொரு வருடமாக அதுதான் என் வேலை. நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. ஒருமுறை உள்ளே பாம்பு புகுந்தது தெரிந்தும், விவசாய நிகழ்ச்சி முடியும்வரை வெளியே காத்திருந்தோம். பாம்பும் காத்திருந்தது.

அவள் ஆரம்பித்தாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் ஆடியது. இரண்டாவது வரியில் அதை இழுத்துப் பிடித்து உட்காரவைத்தாள்.

பொறுப்பாளர் மூச்சிரைக்க என் அறைக்குள் வந்தார். பின்னாலேயே குவளையோடு வெண்கலம்.

"கட் பண்ணுங்க பெரியவரே. ஏதோ கோளாறுன்னு நெனச்சுப்பாங்க."

மேலே இருப்பவர் சொன்னால் சொன்னதுதான். கையை நீட்டிக் குமிழைத் திருகினேன். மூன்றாவது செய்தியின் நடுவில், நூலகம் திறக்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அறையில் இருந்த ஒலிபெருக்கி அடங்கியது.

பொறுப்பாளர் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தார். சத்தமில்லாமல் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"படிக்கட்டும், சுவருக்கு" என்று சொல்லிவிட்டு வெண்கலத்தைத் தோளில் தட்டி, டீ குடிக்கக் கீழே கூட்டிப்போனார்.

இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

அவள் தாளை முனையில் பிடித்து, சரசரக்காமல் திருப்பினாள். விளையாட்டுச் செய்திக்கு முன்னால் இருமல் வந்தது. கண்ணில் நீர் கட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு முழு எலுமிச்சம்பழத்தை விழுங்குவதுபோல அதை உள்ளே தள்ளிவிட்டு மேலே வாசித்தாள். வானிலைக்கு விழித்தே இருந்தாள். கடைசியில் தன் பெயரைச் சொன்னாள். உதட்டை வைத்தே தெரிந்தது.

மிகச் சரியாகப் பத்து நிமிடம். விளக்கை அணைத்தேன்.

வெளியே வந்தவள் நேராகப் போய்ப் பதிவேட்டை எடுத்தாள். 'பெண் வாசித்தார். முடித்தார்' என்று எழுதி, மணியைக் குறித்தாள். பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது செய்தியிலேயே ஹெட்போன் செத்துப்போச்சு, ஐயா. நீங்க கட் பண்ணிட்டீங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா? அப்புறம் யாருக்கும்மா வாசிச்ச?"

"பொண்ணு பாதியில நிறுத்தினான்னு இன்னொரு வரி ஏறக் கூடாதுல்ல."

என் மேசையில் இருபத்து நான்கு குமிழ்கள் இருக்கின்றன. நான் திருகியது எங்கள் அறை ஒலிபெருக்கிக்கும் அவள் ஹெட்போனுக்கும் மட்டும் உரியது. ஒலிபரப்புக்குப் போவது அதற்கு அடுத்தது. வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை.

இதை அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

கீழே, கேன்டீன் வாசல் ஒலிபெருக்கிக்கு அடியில் பொறுப்பாளர் அண்ணாந்து நின்றிருந்தார். கையில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.