இரண்டு வீட்டில் ஒரு திருடன்

என் அண்ணன் பிரணவும் தம்பி தர்ஷனும் பேசிக்கொள்ளாமல் மூன்று வருடம் ஆகிறது. ஆனால் இருவரும் தவறாமல் பார்ப்பது 'ஆவுடையார் குடும்பம்' தொடரின் புதிய பதிப்பைத்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் படித்து, அவருக்கு ஏற்பக் கதையைத் திருப்பிக்கொள்ளும் தொடர் அது. அண்ணன் வீட்டில், கதையில் வரும் தம்பி வீட்டுப் பத்திரத்தைத் திருடினான். தம்பி வீட்டில் அதே பத்திரத்தை அண்ணன் திருடினான்.

"அப்படியே நம்ம வீட்டுக் கததான், பாத்தியா?" என்று இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தேன். தாய்மாமன்கள் வராமல் இருக்க முடியுமா? வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் புதிய தொடரைப் போட்டேன். யாரைத் திருடனாக்குவது என்று தெரியாமல், திரையில் வட்டம் மட்டும் சுற்ற, கதை நின்றது. நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

உடனே பழைய பதிப்பைப் போட்டேன். நடிப்பு மிகை, ஒப்பனை அதைவிட மிகை. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே கதை. அதில் அண்ணன் பத்திரத்தை ஒளித்து வைத்தான். தம்பி அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டான்.

அண்ணன் நெளிந்தான். தம்பி தண்ணீர்ச் செம்பை எடுத்து, குடிக்காமலே வைத்தான்.

"என்னடா தர்ஷா, இதுல ரெண்டு பயலுமே களவாணியா இருக்கான்?"

"ஆமாண்ணே." தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம பத்திரம் உங்கிட்டதான இருக்கு?"

"இருக்குடா. அம்மா கையெழுத்து நீ போட்டதுதான?"

"ஆமா."

நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.