வெறும் வெள்ளையில் தொட்ட விரல்

கிட்டே வந்து உட்காருங்கள் செல்லங்களே, ஒரு விரலின் கதை சொல்கிறேன். நவமணி அம்மாளுக்கு வாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். மகள் ஜெபசெல்வி பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஜன்னல் எழுதி, கட்டிலருகே திரையில் வைத்தாள். அதில் தண்ணீர், மின்விசிறி, கழிப்பறை என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஈவென்ட் என்கிற சின்னச் செய்தி ஒன்று பிறந்து, அம்மா எங்கே தொட்டாள் என்பதைச் சுமந்துகொண்டு செல்வியின் கணினிக்கு ஓடி வரும்.

அன்று காலையிலிருந்து அம்மா கட்டங்களை விட்டுவிட்டு, திரையில் ஒன்றும் எழுதாத வெறும் வெள்ளையிலேயே தொட்டுக்கொண்டிருந்தாள். செல்விக்கு அலுவலக வேலை தலைக்கு மேல். அப்புறம் பார்க்கலாம் என்று, வந்த ஈவென்ட்களை அப்படியே சேர்த்து வைக்கும்படி செய்துவிட்டாள். சாயங்காலம் திறந்து, எங்கே தொட்டாள் என்று ஒவ்வொன்றிடமும் கேட்டாள். ஒன்றில்கூட இடம் பதிவாகி இருக்கவில்லை.

அதே தொழிலில் இருந்த அண்ணன் ஞானதாஸ் எட்டிப் பார்த்தான்.

“நீ பிடிச்சு வச்சிருக்கது வெறும் கூடுடி. எங்க தொட்டாங்கங்கிற உசுரு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஈவென்ட் வந்து நிக்கும்போதே கேட்டுக்கணும், விட்டா செத்துரும்.”

“எல்லாத்தையும் பத்திரமாத்தானேண்ணே வச்சேன்.”

“பத்திரமா வச்சே. கேக்கலையே.”

அப்போது அம்மாவின் விரல் மறுபடி எழுந்தது. கட்டங்களைத் தாண்டி, வெள்ளையை நோக்கி மெல்லப் போனது. செல்வி கணினியை விட்டு எழுந்து கட்டிலருகே போய், அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் வீட்டில் எந்த விரல் எழுந்தாலும், அந்நேரமே திரும்புகிற முகம் ஒன்று இருக்கட்டும், என் கண்ணுகளா.