தோழமையாவது கீழமையாவது

"அவளோட கவனக்குறைவாலதான் கை மாட்டிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்றார் மேனேஜர். அந்தச் சலவை ஆலைக்கு அவர் புதிது.

எதிரே நின்றவளை எல்லோரும் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கஞ்சி போட்ட துணியைவிட அவள் விறைப்பு என்பதால் வந்த பெயர்.

முந்தைய நாள், ஈர விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளையில் சிட்டுவின் வலது கை சிக்கிவிட்டது. உருளைக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பியை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றச் சொன்னவரே மேனேஜர்தான். இப்போது சிட்டு ஆஸ்பத்திரியில். வேலையும் போயிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவள் கஞ்சியக்கா ஒருத்திதான்.

"நான் பார்த்ததைத்தான் சொல்வேன் சார். கம்பி இருந்திருந்தா கை தப்பிச்சிருக்கும்."

"யோசிச்சுப் பேசு. சூப்பர்வைசர் இடம் காலியாகப் போகுது. உன்னைத்தான் நினைச்சிருக்கேன்."

"அது காலியாவே இருக்கட்டும் சார்."

கூடத்துக்கு வந்தாள். தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வேறு யார் அப்படி உட்கார்ந்திருந்தாலும் மற்ற பெண்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள்.

"அக்கா, நீங்களா?" என்று வாயைப் பிளந்தாள் துணி மடிப்பவள்.

"நானேதான். கம்பியைத் திரும்ப மாட்டணும். சிட்டுவுக்கு வைத்தியச் செலவும் வேலையும் தரணும். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். நாளைக்கு உன் கை மாட்டினாலும் இப்படித்தான் உட்காருவேன்."

மடிப்பவள் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மேசையை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு வெளுப்புத் தொட்டிக்காரி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு இயந்திரமாக அடங்கியது. நீராவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன கூத்து இது?"

"தோழமை சார்," என்றாள் மடிப்பவள். எங்கேயோ கேட்ட வார்த்தை. சொன்ன பிறகு அவளுக்கே தைரியம் வந்தது.

"தோழமையாவது கீழமையாவது! சாயங்காலத்துக்குள்ள ஹோட்டல் விரிப்பெல்லாம் போயாகணும். எழுந்திருக்காதவங்க வீட்டுக்குப் போகலாம்!"

"சேர்ந்தே போறோம்," என்றாள் கஞ்சியக்கா. "விரிப்பை நீங்களே தேய்ச்சுக்கோங்க சார். கை மட்டும் பத்திரம்."

கூடமே சிரித்துவிட்டது. மேனேஜருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மதியம் விரிப்பு ஏற்ற வந்த லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியின் போன் மேல் போன். கடைசியில் மெக்கானிக் கம்பியோடு வந்தான். வைத்தியச் செலவு கம்பெனியுடையது, கை ஆறியதும் சிட்டு வேலைக்கு வரலாம் என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் சொன்னார். கஞ்சியக்கா கம்பியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அதன் பிறகே இயந்திரங்கள் ஓடின.

மேனேஜர் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "சிட்டு உன் தங்கச்சின்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே?"

"தங்கச்சியா? என் புருஷன் என்னையும் பிள்ளைகளையும் விட்டுட்டுப் போய்க் குடித்தனம் நடத்துறதே அவளோடதான் சார்," என்றாள் கஞ்சியக்கா. "அந்தச் சண்டை தனியா இருக்கு. அவ கை ஆறட்டும்."